நேர்த்தி என்று நான் சொன்ன பச்சைச் சட்டை

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் லெனாட்டுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் அம்மா, அப்பா, தங்கச்சி ஜெசிதா மூன்று பேரும் ஓரளவு சுகத்தோடு இருக்கிறோம், நீயும் ரொறன்ரோவில் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். நம்பி என்று எழுதக் காரணம், உன் வாயால் உன் சுகத்தைக் கேட்டு இன்றோடு ஏழு கிழமை ஆகிவிட்டது. போன் எடுக்கிற நேரமெல்லாம் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது, வாட்ஸ்அப்பில் குரலாய் அனுப்பினால் இரண்டு நீலச் சரி விழுகிறது, கேட்டுவிட்டாய் என்று தெரிகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஜெசிதாவுக்கு மட்டும் நல்லாய் இருக்கிறேன் என்று ஒரு வரி போடுகிறாயாம், அவள் அதைக் காட்டும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையின் சுகத்தை அறிகிற மாதிரி இருக்கிறது எனக்கு. அதனால்தான் பேனையை எடுத்தேன். மார்கிரட் மாமி மகளுடைய பிள்ளைப்பேற்றுக்காக வருகிற செவ்வாய்க்கிழமை ஸ்காபரோவுக்கு விமானம் ஏறுகிறார், அவரிடம் கொடுத்தால் உன் கையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம், முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். இதற்குள்ளேயே இரண்டு தடவை எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை.

அப்பாவின் முழங்கால் நோவு அப்படியேதான். டொக்டர் படி ஏற வேண்டாம், ஈரத்தில் நிற்க வேண்டாம் என்கிறார், இவர் விடிய நாலு மணிக்குக் கரைக்குப் போய் மற்றவர்களின் வலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டு வருகிறார். ஜெசிதாவுக்குப் பருத்தித்துறைப் பக்கம் மாற்றம் வந்துவிட்டது, இரண்டு பஸ் பிடித்துப் படிப்பிக்கப் போகிறாள், மெலிந்துபோனாள். எனக்கு முதல்முறை நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைகளின் முதல்நன்மைச் சட்டைகள் இருபத்தாறு தைக்க வந்து குவிந்து கிடக்கின்றன, மெசினில் உட்கார்ந்தால் நூல் அறுகிறது, ஊசி மாற்றினாலும் அறுகிறது, என் கைதான் சரியில்லை என்று தெரிகிறது. கை சரியில்லாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். இனியும் வலையையும் நூலையும் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடுவேன், விஷயத்துக்கே வருகிறேன்.

போன ஒக்டோபரில் நீ அந்தப் பெரிய மண்டபத்தில் பாடினாய் அல்லவா, கடும் பச்சையில் கணுக்கால் வரை விழுகிற சட்டை போட்டுக்கொண்டு. அடுத்த நாள் விடிய ஜெசிதா அந்த வீடியோவைப் போட்டுப் போனை என் கையில் தந்து, ஆறுதலாய்ப் பாருங்கோ அம்மா என்றாள். பாட்டு காதில் விழவேயில்லை. தாடி என் பிள்ளையுடையது, குரல் என் பிள்ளையுடையது, உடுப்பு மட்டும் யாரோ ஒரு பெண்ணுடையது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. லெனாட் எங்கள் கரைப் பெடியன் என்று தன் ஓட்டோவின் பின்கண்ணாடியில் உன் படத்தை ஒட்டிக்கொண்டு திரிந்த மனிதர், அந்தப் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றதை என் கண்ணால் கண்டேன். மீன் சந்தையில் விளமீன் விற்கிறவர், அக்கா, மகளுக்கு எப்போது கலியாணம் என்று கேட்டார், அவர் ஜெசிதாவைப் பற்றிக் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நான் மீன் வாங்காமல் வந்துவிட்டேன். பேஸ்புக்கில் உன் படத்துக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து அதற்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் ஜெசிதா எனக்கு வாசித்துக் காட்ட மாட்டேன் என்றாள். அப்பா போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார், அன்று சோறு வேண்டாம் என்றார். உண்மையை எழுதுவதென்றால், மகன், எனக்கு வெட்கமாய் இருந்தது. உன்னைத் திட்டுகிறார்களே என்று கூட இல்லை, என்னைப் பார்க்கிறார்களே என்றுதான். தலையிடி என்று சொல்லி இரண்டு ஞாயிறு பூசைக்கும் போகவில்லை.

மூன்றாம் ஞாயிறு போனேன். பூசை முடிந்து வாசலில் ஆறேழு பெண்கள் நின்றோம், அவர்களில் ஒழுங்கை முனை வீட்டு மாமி யோசப்பின், என் கையைப் பிடித்து, லெனாட்டுக்கு அங்கே மனசுக்கு ஏதும் சுகமில்லையோ என்று மெல்லக் கேட்டார். நக்கலாய்க் கேட்டிருந்தால் நானும் நாலு சொல் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இரக்கப்பட்டுக் கேட்டார், அதுதான் என்னைச் சுட்டது. நான் யோசிக்கவேயில்லை, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது, அது நேர்த்தி, நான் வைத்த நேர்த்திக்கடன் என்று. பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வந்தால் அந்தோனியாருக்கு அங்கி நேர்கிற வழக்கம் எங்கள் கரையில் யாருக்குத் தெரியாது, நீயும் நாலு வயதில் மண்ணிற அங்கி போட்டு இடுப்பில் வெள்ளைக் கயிறு கட்டிச் சுற்றுப்பிரகாரத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவன்தானே. முன்னைய வருடம் குளிருக்குள் நீ நியூமோனியாவோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் நான் மெழுகுதிரி கொளுத்தி அழுதது மெய், உடுப்பு எதுவும் நேரவில்லை. ஆனால் வாசலில் நின்றுகொண்டு, என் பிள்ளை எழும்பினால் நீட்டு உடுப்பு உடுத்துப் பாடுவான் என்று நேர்ந்தேன், அதைத்தான் அவன் நிறைவேற்றினான் என்று சொல்லிவிட்டேன். பச்சை ஏன் என்று ஒருத்தி கேட்டாள், கனடாவில் அந்த நேரம் மண்ணிறத் துணி கிடைக்கவில்லையாம் என்றேன். இருபத்தெட்டு வருடமாய்த் தையல் மெசினில் இருக்கிறவள் சொல்லுகிற கதையா அது. ஆனால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகின்றன. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன்னமே அதே வீடியோ திரும்பவும் ஊரைச் சுற்றியது, இந்த முறை தாயின் நேர்த்தியை நிறைவேற்றிய தனயன் என்று மேலே எழுதி. உன் படத்துக்குப் பொட்டு வைத்தவர்களே இப்போது கை கூப்பிய படம் போட்டார்களாம். ஓட்டோவில் உன் படம் புதிதாய் ஏறியது. விளமீன்காரர் நான் கேட்காமலே எனக்கு ஒரு மீன் கூடப் போட்டார். பெருநாள் குழு வீட்டுக்கு வந்து, ஜூன் மாதம் அந்தோனியார் பெருநாளுக்கு உன்னைக் கூப்பிட்டு மேடையில் பாட வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டது, அப்பா என்னைப் பார்த்தார், நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். நீ வருவாய் என்ற ஆசை எனக்கு அந்தப் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைத்தது. ஏழு வருடமாய் உன்னைக் காணவில்லை, மகன். உன்னை ஊர் மதித்து வரவேற்கும் என்றால் ஒரு பொய் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

இதற்குள் வேறு கதைகளும் நடந்தன. இந்தியாவில் ஒரு இளம் நடிகர் ஏதோ விருது விழாவுக்குப் பாவாடை மாதிரி ஒன்று உடுத்துக்கொண்டு போனாராம், இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி உடுத்ததற்கு அவரைக் கிழித்தவர்கள் இப்போது வடிவாய் இருக்கிறது, எங்கே தைத்தது என்று கேட்கிறார்களாம். ஜெசிதாவின் பள்ளிக்கூடத்தில் மதுரா என்று ஒரு இளம் ரீச்சர் இருக்கிறாள், அவள் ஓய்வறையில் உனக்காகச் சண்டையே போட்டிருக்கிறாள், நேர்த்தியாய் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, பாட்டு எப்படி என்று சொல்லுங்கோ என்று. அதைக் கேட்ட பிறகு மெசினில் இருக்க எனக்கு யோசனை ஓடத் தொடங்கியது. ஆண்களுக்கு நான் தைக்காத நீட்டு உடுப்பா. பூசை வைக்கிற சுவாமிமாருக்கு அங்கி தைத்திருக்கிறேன், பீடத்தில் உதவுகிற பிள்ளைகளுக்குத் தைத்திருக்கிறேன், கூத்தில் ராணி வேஷம் கட்டுகிற மீசைக்காரர்களுக்குச் சரிகை வைத்துக் கவுண் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அவர்களுக்கு ஊரே விடிய விடிய இருந்து கை தட்டியது. ஒரு மனிதன் சேலை கட்டிச் சிரிக்க வைத்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். கடவுளுக்காக உடுத்தால் சரி, கூத்துக்காக உடுத்தால் சரி, பகிடிக்காக உடுத்தால் சரி. தனக்குப் பிடித்து உடுத்தான் என்றால் மட்டும் எங்களுக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதற்கு என்ன காரணம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கோப்பாயிலிருந்து உதயகலா என்று ஒரு பிள்ளை செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்கு வருகிறாள், சைவக்காரி, ஆனாலும் இவரிடம் நம்பிக்கை. அவளுடைய மகன் நிருஷனுக்கு நாலு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. உன் கதையைக் கேள்விப்பட்டு, அக்கா, லெனாட் அண்ணை போட்டது மாதிரியே பச்சையில் ஒரு அங்கி என் பிள்ளைக்கும் தைத்துத் தாருங்கோ, நானும் நேருகிறேன் என்று வந்து நின்றாள். நான் அளவு எடுத்தேன், மகன். பொய் என்று தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளையின் தோளையும் இடுப்பையும் அளந்தேன், துணியை வெட்டினேன், தைத்தேன், கூலி வேண்டாம் என்றேன். அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

அந்த நேரம்தான் அங்கே ஒரு இணையத் தொலைக்காட்சியில் உன்னிடம் நேர்த்தியைப் பற்றிக் கேட்டார்கள். நீ முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும், அடுத்த கேள்விக்குப் போவோம் என்றாய். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கே போன் எடுத்து என்னிடம் சொன்னது இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. "அம்மா, முந்தி ஏசினவை என்னைத்தான் ஏசினவை. இப்ப புகழுறவை ஆரைப் புகழுகினம்? அது நான் ஆசைப்பட்டுப் போட்டது. அதையும் என்னட்டை இருந்து பறிச்சுப் போட்டியள்." நான் என்ன சொன்னேன் தெரியுமா, சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ வைத்துவிட்டாய், அன்றோடு சரி.

தபசுகாலத்தில் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சுவாமியிடம் இதைச் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே செபத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன், சுவாமி விடவில்லை, யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் போய்த் திருத்துங்கள், அதுதான் அபராதம் என்றார். உயிர்ப்புப் பெருநாள் வரை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தேன். பெருநாள் முடிந்த மறுநாள் முதலில் யோசப்பினின் வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார், நான் சொல்லி முடியும்வரை வெட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு சொன்னார், "எனக்கு அண்டைக்கே தெரியும் அருமை. அந்தோனியாருக்கு ஆர் பச்சை அங்கி தைச்சவை? நேர்த்தி எண்டால் எங்களுக்கும் லேசு, பிள்ளையைத் திரும்பவும் எங்கடை எண்டு சொல்லலாம்." சொல்லிவிட்டு, இதை இத்தோடு விடு, வேறு யாரிடமும் போய்ச் சொல்லாதே என்று கெஞ்சினார். எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை, அவர் மேலோ என் மேலோ தெரியாது. அடுத்த ஞாயிறு பூசை முடிய அதே வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், நேர்த்தி ஒன்றும் இல்லை, நான் பொய் சொன்னேன், என் மகன் தனக்குப் பிடித்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பாடினான் என்று. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், ஒருத்தி அந்தோனியாரின் பெயரில் பொய்யோ என்று சத்தம் போட்டாள், அவள் போட்டது நியாயம்.

உதயகலாவிடம் சொல்வதுதான் எனக்குப் பெரிய பாரமாய் இருந்தது. செவ்வாய்க்கிழமை காத்திருந்து பிடித்தேன். கேட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள், கண் நிறைந்துவிட்டது, இவ்வளவு செவ்வாய்க்கிழமையும் பஸ் ஏறி நம்பி வந்தவள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து மன்னிப்புக் கேட்டேன். அப்படியென்றால் அவர் ஆசைக்குத்தான் போட்டவரோ என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கடையவனும் அதைக் கழட்ட விடுறானில்லை அக்கா, தோய்க்கவும் தாறானில்லை. நேர்த்தியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும். மாத்திப் போட இன்னொண்டு தைச்சுத் தாங்கோ" என்றாள். நிருஷன் அந்தப் பச்சை அங்கியோடு கோயில் முற்றத்தில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். பேச்சு இன்னும் வரவில்லை. இரண்டாவது அங்கியை நேற்றுத் தைத்து முடித்தேன், அதற்கு மட்டும் நூல் அறவில்லை.

இனி நீ அறிய வேண்டியது. பெருநாள் குழு போன ஞாயிறு கூடியது. சிலர் கூப்பிட வேண்டாம் என்கிறார்கள், சிலர் வரட்டும் ஆனால் கால்சட்டையோடு பாடட்டும் என்கிறார்கள், இளம் ஆட்கள் அது அவருடைய விருப்பம் என்று எதிர்த்து நின்றார்களாம், கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. நீ என்ன உடுத்து வருவாய் என்று உன்னிடம் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்கள். நான் அதைக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓட்டோவில் உன் படம் பாதி சுரண்டியபடி கிடக்கிறது, அந்த மனிதருக்கே முடிவு தெரியவில்லை போலிருக்கிறது. எல்லோரும் உன்னைத் தோளில் தூக்குவார்கள் என்று நான் எழுத முடியாது, சிரிக்கிறவர்கள் இருப்பார்கள், நாளைக்கு மாறுவார்கள், மறுநாள் திரும்பவும் மாறுவார்கள். அவர்களை வைத்து நீ டிக்கற் போடாதே. நேற்றுப் பின்னேரம் அப்பாவிடம் லெனாட்டுக்குக் கடிதம் எழுதுகிறேன், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டேன். அந்தக் குளிருக்குள் கையில்லாத சட்டையோ என்று கேள் என்றார். கையில்லை என்பது, கடைசிப் பாட்டில் நீ தோளில் இருந்த சால்வையை எடுத்த பிறகுதான் தெரியும். நானே அதுவரைக்கும் பார்க்கவில்லை, ஜெசிதா சொல்லித்தான் தெரியும், இவர் எனக்குத் தெரியாமல் முழுவதையும் பார்த்திருக்கிறார்.

எனக்கு அந்தச் சட்டை இன்னும் பிடிக்கவில்லை, மகன். பிடிக்கிறது என்று எழுதினால் அது இரண்டாவது பொய். பார்த்துப் பார்த்துப் பழகலாம், பழகாமலும் போகலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அது உன்னுடையது, அதை எடுத்து அந்தோனியாருக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

மார்கிரட் மாமியிடம் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கொடுத்துவிட்டிருக்கிறேன், மிளகாய்த்தூளைக் குளிர்ப்பெட்டியில் வை, வெளியில் வைத்தால் வண்டு விழும். குளிர் போய்விட்டதென்று நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே, ஒருமுறை பட்டது போதும். பாட்டு முடிந்து வந்தால் நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவரும் மாதாவும் உனக்கு முன்னும் பின்னும் துணை நிற்கட்டும், உன் குரலுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

கடிதம் கிடைத்ததும் ஒருமுறை எடு. ஊர் கேட்டது, தொலைக்காட்சி கேட்டது, யோசப்பின்கூடக் கேட்டார். அந்தச் சட்டையை ஏன் ஆசைப்பட்டாய் என்று நான் மட்டும் உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன். இப்போது கேட்கிறேன். நீ சொல்லி முடியும்வரை நடுவில் ஒரு சொல் பேசமாட்டேன், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டேன்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
அம்மா
கி. அருமைநாயகி